கொல்லாமரம் நிற்கும் இடம்

அந்த மனையில் அஸ்திவாரம் போட வேண்டாம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். காரணம் நீளமானது. அதைப் படிக்கும் பொறுமை உனக்கு இல்லாமல் போகலாம். இந்த ஒரு வரியாவது உன்னிடம் வந்து சேரட்டும். ஷார்ஜாவிலிருந்து நீ வரைந்து அனுப்பிய வீட்டுப் படம் கிடைத்தது. கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. அடுக்களை ஜன்னல் கிழக்கே. எனக்கென்று ஒரு அறை, புத்தக அலமாரியோடு. வாசலுக்கு முன்னால் ஒரு சிறிய வட்டம் போட்டு 'மரம்' என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அந்த வட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்தைப் பற்றி அல்ல. நீ இதை நம்ப மாட்டாய். நீ கட்டிக்கொள்ளப் போகிற பகவதியை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாய். உன் அப்பாவுக்குத் தனியாக எழுதியிருந்தாயே, 'அம்மா ஏதாவது குறை கண்டுபிடிப்பாள், அதற்குள் கல் போட ஏற்பாடு செய்துவிடுங்கள்' என்று. அவர் அதை என் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். முடித்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது உனக்கு உள்ளது இல்ல போல" என்றார். ரகசியம் என்ற ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். அவரோடு வாழ்கிற வீட்டில் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஆட்டோக்காரன் புது வழியில் திரும்பினால் ஏன் என்பேன். என் வகுப்பில் காப்பியடித்தவன் யாரும் தப்பியதில்லை. காப்பியடிக்காதவனும் சில சமயம் தப்பியதில்லை. காலேஜில் படிக்கும்போது இந்தக் குணத்துக்கு நல்ல நல்ல பெயர்கள் கிடைத்தன. அறிவின் வாசல் என்றுகூட ஒரு பேராசிரியர் சொன்னார். நான் பெருமைப்பட்டேன். ஆனால் படிப்பதற்கு முன்பே அது என்னிடம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

உன் வருங்கால மாமனார், கல்யாணத்துக்கு உனக்குத் தருவதாகச் சொன்ன மனையைக் காட்ட எங்களைத் தன் அம்பாசடரில் அழைத்துப் போனார். பகவதியும் வந்தாள். ஆரியசாலைக் கம்போளத்தில், அந்தப் பெரிய கடைத்தெருவில், அரிசி மொத்த வியாபாரம் செய்கிற மனிதர்; காருக்குள்ளும் சாக்கு வாசனை. நான் அவரை அண்ணாச்சி என்கிறேன், அவர் என்னை டீச்சர் என்கிறார். இரண்டு பேரும் அந்த அளவில் நின்றுகொண்டிருக்கிறோம். நெடுமங்காட்டு ரோட்டிலிருந்து ஒரு கிளை வழி. இறங்கினோம். சமதளம். முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. இந்த ஊரில் சமமான மனை யாருக்கு வாய்த்திருக்கிறது? எங்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், படி, தடுப்புச் சுவர். இங்கே பாய் விரித்தாற்போலத் தரை. தென்னை இல்லை. பலா இல்லை. வாழை, மரச்சீனிக் கிழங்கு, அவ்வளவுதான். போன வருஷம் வைத்து இந்த வருஷம் பிடுங்குகிறவை. பழைய பயிர் எதுவும் இல்லாத பூமி, தன் வயதைச் சொல்ல மறுக்கிற ஆளைப்போல.

"எப்படி டீச்சரே எடம்? கேரம் போர்டு மாதிரி இருக்குல்லா?" என்றார்.

"இங்க முன்ன என்ன இருந்தது அண்ணாச்சி?"

"முன்னயா? பூமிதான் இருந்தது. பின்னே?"

உன் அப்பா சிரித்தார். பகவதி சிரிக்கவில்லை.

"குழி ஏதாவது தூத்த எடமோன்னு கேக்கேன்."

அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்து இழுக்க முடியாது. அதனால் உன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மனையின் நடுவுக்குப் போனார். அங்கே நின்றது, நீ வட்டமாகப் போட்டிருக்கிற அந்தக் கொல்லாமரம். நீ ஷார்ஜாவில் முந்திரிப் பருப்பை டப்பாவில்தான் பார்ப்பாய், மரத்தை மறந்திருப்பாய். பருத்த அடி, தரையை நோக்கி வளைந்த கொப்புகள், பட்டையெல்லாம் வெடிப்பு.

"இதப் பாருங்க. அடிமரத்தப் பாத்தியளா? நம்ம மாப்பிளைய விட மூப்பு. குழியா இருந்தா இது அந்தரத்திலயா நின்னிருக்கும்?"

 மரம் நின்றது. அதன் வயது நிஜம். தரை இல்லாமல் மரம் இல்லை. உன் அப்பா, "போதுமா?" என்பதுபோல என்னைப் பார்த்தார். போதவில்லை. கேட்டவுடன் கைக்குக் கிடைக்கிற அத்தாட்சி எனக்கு எப்போதும் போதுவதில்லை. திரும்பிப் பார்த்தபோது பகவதி தள்ளி நின்று, செருப்புக் காலால் எதையோ மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டு காலை எடுக்காமல் அப்படியே நின்றாள். இவளுக்கு என்னவோ தெரியும் என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் தனியாக பஸ்ஸில் போனேன். பல் டாக்டரிடம் போவதாக உன் அப்பாவிடம் சொன்னேன். எந்தப் பல் என்றுகூட அவர் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் இறங்கி நடந்தேன். காரில் உட்கார்ந்திருந்தபோது தெரியாத ஒன்று நடந்தபோது தெரிந்தது. அந்த வழி நேராகப் போகிறது. பிறகு அரிவாள்போல வளைகிறது. பிறகு மறுபடி நேராகிறது. சமமான தரையில், எதிரில் ஒன்றும் இல்லாத இடத்தில், ஏன் வளைய வேண்டும்? பாறை இல்லை, குளம் இல்லை, கோயில் இல்லை. எதையோ சுற்றிப் போன பாதை. சுற்றப்பட்ட பொருள் போய்விட்டது. சுற்று மட்டும் இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் பலா நின்றது, தென்னை நின்றது, பாசி பிடித்த கல்கட்டு நின்றது. உள்பக்கத்தில் புது மதில்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் படிப்படியாக இறங்கும் விரிசல். வெள்ளையடித்து மறைத்திருக்கிறார்கள். விரிசல் வெள்ளையை மீறி வந்திருக்கிறது. நான் வளைவில் நின்று உள்ளே பார்த்தேன். நடுவில், ஒற்றையாக, அந்த மரம்.

கால்களுக்கு முதலில் தெரிந்தது. கேட்காமலே வெளிப்பக்கமாக ஒதுங்கின. இந்த வளைவில் நான் நடந்திருக்கிறேன், விளிம்பை விட்டு விலகி நட என்று என் அம்மா கத்த. அது சரளைக் குழி. நான் அதன் கரையில்தான் பிறந்தேன்.

உனக்கு இதைச் சொன்னதில்லை. தாத்தா ரோடு வேலை செய்தார் என்று சொல்லியிருக்கிறேன். அது ஒரு சட்டையும் குடையும் உள்ள வேலையாக உனக்குத் தோன்றியிருக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சரளை வெட்ட வந்த கூட்டத்தில் ஒருவர் என் அப்பா. பொன்முடிக்குப் போகிற ரோட்டுக்கு இங்கிருந்துதான் சிவப்புச் சரளை போனது. அவர் வருவதற்கு முன்பே, காளை வண்டிக் காலத்திலேயே, தோண்டத் தொடங்கிய குழி அது. வண்டிகள் இறங்கி ஏறிய சரிவு ஒரு பக்கம் நாக்குப்போல இருந்தது. மற்ற பக்கங்கள் செங்குத்து. வெயிலில் அதன் சுவர்கள் அறுத்த இறைச்சிபோலத் தெரியும். கரையில் ஓலைக் கொட்டகைகள்; ஒன்று எங்களுடையது. குழியின் அடியிலிருந்து பேசினால் பேச்சு மேலே தெளிவாகக் கேட்கும், ஆள் தெரிய மாட்டார். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குச் சிறு வயதிலேயே பழகிவிட்டது.

இதை நீ கவனித்துப் படி. சரளை வெட்டும்போது குழியின் நடுவில் ஒரு இடத்தை மட்டும் வெட்டாமல் விடுவார்கள். சுற்றிலும் தரை இறங்க இறங்க அது தூண்போல நிற்கும். அதன் தலைதான் பழைய தரை. தலைக்கும் அடிக்கும் நடுவே அளந்தால் எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். வெட்டிப் போன மண் ரோட்டில் பரந்துவிட்டது, அதை யாரும் அளக்க முடியாது. அந்தத் தூணைச் சாட்சி என்று சொல்வார்கள். சாட்சியிலும் கள்ளம் உண்டு. காண்டிராக்டரின் ஆட்கள் அதன் தலையில் மண்ணை வைத்து, புல் பத்தையைப் பெயர்த்து மேலே பதித்துவிடுவார்கள். தூண் உயர்ந்தால் கணக்கில் குழி ஆழமாகிவிடும்; ஆழத்துக்குத் தக்கபடிதான் காண்டிராக்டருக்குப் பணம். ஒருவரும் கூடுதலாக வெட்ட வேண்டாம். என் அப்பா காலையில் குழிக்குள் இறங்கியதும் முதலில் சாட்சியின் மேல் ஏறுவார். தலையில் உள்ள புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுப்பார். வேர் பிடித்த புல் என்றால் கையோடு அறுந்து வரும். வைத்த புல் என்றால் தொப்பிபோல முழுதாகக் கழன்று வரும். கழன்றதைத் தூக்கிக் காட்டி அவர் கெட்ட வார்த்தை சொல்வார், கரையில் இருக்கிற எங்களுக்கு அது தெளிவாகக் கேட்கும். சாட்சியையே சந்தேகப்படுகிற வீட்டில் நான் வளர்ந்தேன். அதன் பிறகு காலேஜுக்குப் போய் என்ன கற்றுக்கொண்டுவிடப் போகிறேன்?

கடைசி அளவு முடிந்ததும் சாட்சியையும் வெட்டி வண்டியில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். அந்தக் குழியில் கடைசி அளவு நடக்கவில்லை. ரோடு மலைப்பக்கம் ஏறியதும் அங்கேயே பக்கத்தில் சரளை கிடைத்துவிட்டது. அளக்க வேண்டியவர் வரவில்லை. அளக்காமல் சாட்சியைத் தொட என் அப்பா விடவில்லை. வேலை நின்றது. கூட்டம் கலைந்தது. நாங்கள் நகரத்துக்குள் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். மழை குழியை நிரப்பியது. சாட்சி மட்டும் தண்ணீருக்கு நடுவில் நின்றது. அதன் தலையில், வவ்வால் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையிலிருந்து, ஒரு கொல்லாங்கன்று முளைத்தது. நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அதை ஒரு தடவை பார்த்தேன். முழங்கால் உயரம்.

நீயும் அதைப் பார்த்திருக்கிறாய். நினைவிருக்கிறதா? பொன்முடிக்குப் போனோம், உனக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு. வித்துரா தாண்டி மலை வளைவுகளில் நீ என் புடவையெல்லாம் வாந்தி எடுத்தாய். அதற்கு முன்பு, பஸ் ஊரைத் தாண்டும்போது, ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாய். "வெள்ளத்துக்கு நடுவில மரம் எப்படி வந்தது? யார் நீந்திப் போய் நட்டா?" உன் அப்பா, "பறவ நட்டதுடா" என்றார். நீ, "பறவைக்கு நீச்சல் தெரியுமா?" என்றாய். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.  மலையடிவாரம்வரை அந்தக் குழியின் சரளை மேல்தான் போகிறோம் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. பிறகு நகரத்தில் இடித்த வீடுகளின் கல்லும் மண்ணும் லாரி லாரியாக அதற்குள் போயிருக்க வேண்டும். கல்ஃப் பணம் வந்த பிறகு மேலே ஒரு பூச்சு நல்ல மண். அதன் மேல் வாழை. நான் அந்தப் பக்கம் போகாத வருஷங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

அது எந்த இடம் என்று வளைவில் தெரிந்த பிறகு நான் ஆரியசாலைக்குப் போனேன். உன் மாமனார் கடை முகப்பில் ஒரு மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தார். குத்தூசி தெரியும் அல்லவா, நடுவில் பள்ளம் உள்ள இரும்பு முனை. சாக்கில் குத்தி இழுத்தால் உள்ளே கிடக்கிற அரிசி கொஞ்சம் அந்தப் பள்ளத்தில் வந்துவிடும். மேலே நல்லதைப் போட்டு அடியில் மட்டத்தைக் கலந்திருந்தால் மாட்டிக்கொள்வார்கள். பகவதி அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கேரியரோடு உள்ளே நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி, அந்த எடம் சரளைக் குழி."

"மறுபடியுமா? அங்கதான் மரம் நிக்குதே டீச்சரே."

"மரம் நிக்கிற எடம் மட்டுந்தான் குழி இல்ல."

சாட்சியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் கொட்டகையையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"எம்.ஏ. படிச்சவங்களுக்க கணக்கு இப்பிடித்தான் போல, கேட்டியளா? மரம் நின்னா தரை இல்லங்காங்க. மரம் இல்லாம இருந்தா என்ன சொல்லுவாங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.  "கையில வச்சிருக்கியளே, அது எதுக்கு? குத்திப் பாக்காம ஒரு மூட்ட வாங்குவியளா?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினார். "எடம் தந்தவன் நம்ம ஊர்க்காரன் டீச்சரே. கம்போளத்தில நம்ம ஊர்க்காரன் தார சரக்க நாங்க குத்த மாட்டோம். எங்க அப்பா காலத்திலேயே அது மரியாத. அவன் மொகத்துக்கு நேரா பூமியக் குத்திப் பாக்க முடியுமா?"

அந்த மரியாதையை நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். பிழைக்க வந்த ஊரில் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள யாரோ ஏற்படுத்திய வழக்கமாக இருக்கும். நல்ல வழக்கம்தான். அந்த வழக்கத்தை முழுதும் தெரிந்த ஒருவன்தான் அவருக்குக் குழியை விற்றிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அல்லது அவருக்கே தெரிந்து, நம் தலையில் கட்டுகிறாரா? அதுவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

"அப்பா, ஞாயித்துக்கிழம போவோம். கடப்பார நான் எடுக்கேன்" என்றாள் பகவதி.

போனோம். உன் அப்பா பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார், பிக்னிக் போல. உன் மாமனார் குடையை விரித்துக்கொண்டு காரை ஒட்டி நின்றார். பகவதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தடியில் கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். மணி அடித்தாற்போல ஒரு சத்தம். முனை சறுக்கியது. சிவப்பாக ஒரு கீறல் மட்டும். வெட்டாத சரளை. மறுபடியும் போட்டாள், அதே சத்தம். "கேட்டோ டீச்சரே?" என்று குடைக்கு அடியிலிருந்து அவர் கத்தினார். நான் மரத்திலிருந்து தள்ளிப் போய், கொப்பு நிழல் முடியும் இடத்தைக் காலால் காட்டினேன். அவள் அங்கே வந்து நின்றாள். உடனே போடவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அத்தே, ஒண்ணு கேக்கட்டா? கல்யாணத்த நிறுத்தத்தானே வந்திய?"

"இல்ல. வீட்ட நிறுத்த."

"எடம் இல்லேன்னா கல்யாணம் இல்லேன்னு அப்பா நெனைக்காரு. மாப்பிள வீட்டில வாக்கு குடுத்தாச்சு, எடத்தச் சொல்லியே."

"உனக்கு அண்ணைக்கே தெரியும், இல்லியா?"

அவள் கடப்பாரையைப் பார்த்தாள். "ஓட்டுத் துண்டு ஒண்ணு மண்ணுக்கு வெளிய கெடந்தது. அத்தே நோக்கினீங்க. நான் சவுட்டி மறச்சேன். பேடியா இருந்தது."

நான் சந்தேகப்பட்டது சரி. அவள் மறைத்தாள். ஆனால் எதை மறைக்கிறாள் என்று நான் நினைத்தேனோ, அது அல்ல. அவள் மறைத்தது ஓட்டுத் துண்டை அல்ல, பயத்தை. சந்தேகத்தில் இந்தக் குறை உண்டு. அது கையைப் பிடித்துவிடும், கைக்குள் இருப்பதைத் தப்பாகச் சொல்லும். நீ என்னிடமிருந்து இந்தக் குணத்தை எடுத்துக்கொண்டிருந்தால், இந்தக் குறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருப்பாய். பார்த்துக்கொள்.

அவள் போட்டாள். கடப்பாரை இறங்கியது. சத்தமே இல்லை. அவள் கையை விட்டாள். அது பாதிவரை இறங்கி, சாய்ந்து நின்றது. குடை கிட்டே வந்தது. உன் அப்பா மண்வெட்டி எடுத்தார். ஓடு, சுண்ணாம்புக் காரை, ரப்பர் செருப்பு, மருந்துக் குப்பி. பிறகு மண்வெட்டி ஏதோ கட்டையில் பட்டது. வேர் என்று நினைத்தோம். இழுத்தபோது ஒரு பலகையின் பாதி வந்தது. ஷட்டர் வருவதற்கு முன்பு கடைகளை அடைக்க வரிசையாகச் சேர்த்து நிறுத்துவார்களே, அந்த நிரைப்பலகை. வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொன்றிலும் எண் கொத்தியிருப்பார்கள். இதில் இருந்தது தமிழ் எண். ஏழு.

உன் மாமனார் குடையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். வேட்டி நுனியால் அந்த எழுத்தைத் துடைத்தார்.

"இது எங்க பலக" என்றார். "எங்க அப்பா கொத்தின ஏழு. வாலு இப்பிடித்தான் வளஞ்சு கெடக்கும். ரோட்டுக்கு அகலம் கூட்டினப்போ கட முகப்ப இடிச்சோம்லா, அப்போ ஒடஞ்ச பலகையெல்லாம் கல்லோடயும் மண்ணோடயும் லாரில ஏத்தி விட்டேன். அவன் எங்க கொண்டு தட்டுதான்னு நான் கேக்கல்ல."

 நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பா என்று பார்த்தேன். அந்த நேரத்திலும் பார்த்தேன். நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். உன் அப்பா அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு எழுந்தபோது வியாபாரியாக எழுந்தார்.

"டீச்சரே, ஒரு காரியம். இத மாப்பிளைக்கு எழுதண்டாம். நான் வேற எடம் பாத்துத் தாரேன். இத வித்துப்போட்டுத்தான் வாங்கணும். கல்ஃப்காரன் எவனாவது எடுப்பான்."

"அந்த கல்ஃப்காரனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க" என்றாள் பகவதி. "அவங்களும் பஸ்ஸில வருவாங்க."

"நீ மிண்டாத, வாய மூடு."

அவர் மண்வெட்டியை எடுத்து, நாங்கள் வெட்டிய குழியை மூடப் போனார்.  அவள் பலகையை மரத்தில் சாய்த்து வைத்தாள். பிறகு குழிக்குள் இறங்கி நின்றாள். இடுப்பளவு குழி. கையைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை, அப்பாவை முறைக்கவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நின்றாள். அவர் மண்ணை வாரிய கையோடு அவளைப் பார்த்தார். மகள் மேல் மண் போட முடியுமா? மண்வெட்டியைக் கீழே வைத்தார். 

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் மாமனாருக்கு இன்றைக்கே எழுது. மனை வேண்டாம், கல்யாணத்துக்கு மனை ஒரு காரணம் அல்ல என்று எழுது. இரண்டு வரி போதும். அவர் அந்த இடத்தை விற்கப் போவது உனக்கு வேறொன்று வாங்கித் தருவதற்காகத்தான். உனக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று ஆகிவிட்டால், ஊர் பெயர் தெரியாத ஒருவனுடைய உழைப்பு அந்தக் குழிக்குள் போக வேண்டியதில்லை. நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். டீச்சர் கல்யாணத்தை உடைக்கப் பார்க்கிறாள் என்பார். நீ எழுத வேண்டும். நீ எழுதுவாயா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. உன் சம்பாத்தியத்தில் ஒரு வீடு, அதில் எனக்கு ஒரு அறை என்று அங்கே வெயிலில் நின்று யோசித்திருப்பாய். அந்த அறையை வேண்டாம் என்று சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை.

உன் படத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அடுக்களை, ஜன்னல், என் அலமாரி, எல்லாவற்றையும் வேறொரு மண்ணுக்குக் கொண்டுபோகலாம். வட்டத்தை மட்டும் அழித்துவிடு. அந்த மரம் எங்கும் வராது. அதற்கு அங்கே வேலை இருக்கிறது.

ஒருவேளை இதையெல்லாம் நான் இட்டுக்கட்டுகிறேன் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றட்டும். என்னையும் நம்ப வேண்டாம். லீவில் வந்து இறங்கியதும், வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அங்கே போ. மழை தொடங்கியிருக்கும். நாங்கள் வெட்டிய குழியை மூடாமல் விட்டிருந்தால் அதில் வெள்ளம் நிற்கும், நடுவில் இல்லாமல் ஓரத்தில் மரம் நிற்கும். நீ ஜன்னலில் பார்த்தது நினைவுக்கு வரும். மூடியிருந்தால், எங்கே வேண்டுமானாலும் குத்திப் பார். கடப்பாரை பகவதியிடம் இருக்கிறது. கேட்டால் தருவாள் என்று நினைக்காதே. கூடவே வருவாள்.